கூப்பிட ஒரு கண், தணிய ஒரு தோல்: ஏங்கும் ரோபோ குட்டிக்கு எந்த சென்சார்?

மேசைமேல் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அளவு ரோபோ குட்டி. கழுத்துக்கு ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்), வாலுக்கோ காதுக்கோ இன்னொரு சர்வோ, சிணுங்க ஒரு பஸ்ஸர், நடுவில் மூளையாக ஆர்டுயினோ நானோ அல்லது ஈஎஸ்பி32 என்ற நிரல் ஏற்றும் சிறு போர்டு. வேறு வேலை எதுவும் தெரியாத ஜீவன் அது. யாராவது கவனிக்க வேண்டும், கவனிக்காவிட்டால் சிணுங்க வேண்டும், கொஞ்சினால் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைச் செய்வதில் யாரும் அதிகம் திணறுவதில்லை. எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்று: பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்பதைக் குட்டி எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பிஐஆர் (உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது), அல்ட்ராசோனிக் (ஒலியால் தூரம் அளப்பது), லேசர் தூரமானி, தொடு சென்சார், மைக், கேமரா என்று ஆறு வழிகள் கடையில் கிடைக்கின்றன. ஆறும் ‘ஆள் இருக்கிறார்’ என்றுதான் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் சொல்லும் பொருள் வேறு.

## முதலில் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

குட்டியின் நிரலுக்குள் ஓர் எண் ஓடும். அதை ஏக்க எண் என்போம். யாரும் கண்டுகொள்ளாவிட்டால் ஏறும், கவனித்தால் இறங்கும். இதற்கு இரண்டு தகவல் தேவை.

ஒன்று, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யாராவது இருக்கிறார்களா? ஆளில்லாத அறையில் கத்தினால் அது பழுதான அலாரம்.

இரண்டு, இருப்பவர் என்னைக் கவனிக்கிறாரா? அருகில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஆள்தான், ஆனால் அது கவனிப்பு ஆகாது.

ஒரே சென்சாரை வைத்து இரண்டுக்கும் விடை தேடுவதுதான் பெரும்பாலான முதல் முயற்சிகள் சொதப்பக் காரணம். தூர சென்சார் மட்டும் இருந்தால், கடந்து போகிறவர்கூட ஏக்கத்தைத் தணித்துவிடுவார். தொடு சென்சார் மட்டும் இருந்தால், குட்டி யாரைப் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிணுங்கும்.

ஒவ்வொரு சென்சாரையும் இந்த அளவுகோல்களால் எடை போடலாம்:

- இருப்பு, கவனிப்பு இரண்டில் எதைச் சொல்கிறது?
- எவ்வளவு சீக்கிரம்? கை பட்டு அரை வினாடி கழித்துக் காது ஆடினால் அது நம் கைக்குப் பதில் என்றே தோன்றாது. 0.3 வினாடிக்குள் ஏதாவது ஒன்று அசைய வேண்டும்.
- குட்டியே தலையை ஆட்டும்போது சென்சார் குழம்புகிறதா?
- துணி, ரோமத் தோல், அக்ரிலிக் மூடிக்குப் பின்னால் வேலை செய்யுமா?
- மின்சாரம், நிரல் நேரம், அறையின் சூழல் என்று பின்னால் என்ன செலவு வைக்கும்?

விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கேமராவையும் லேசரையும் தவிர்த்தால் மற்றவை எல்லாம் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும்.

| சென்சார் | என்ன சொல்லும் | வேகம் | குட்டி அசையும்போது | துணிக்குப் பின்னால் |
|---|---|---|---|---|
| பிஐஆர் | அறையில் அசையும் ஆள் | மந்தம் | பொய் சொல்லும் | வேலை செய்யாது |
| அல்ட்ராசோனிக் | எதிரே ஏதோ இருக்கிறது | நல்ல வேகம் | அளவு தாவும் | வேலை செய்யாது |
| லேசர் தூரமானி | எதிரே ஏதோ, துல்லியமாக | நல்ல வேகம் | ஓரளவு தாங்கும் | சிறு துளை வேண்டும் |
| தொடு சென்சார் | கை பட்டிருக்கிறது | மிக வேகம் | பாதிப்பு குறைவு | மெல்லிய துணி பரவாயில்லை |
| மைக் | சத்தம் வந்தது | மிக வேகம் | காது அடைத்துவிடும் | மெல்லிய துணி பரவாயில்லை |
| கேமரா | முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது | போர்டைப் பொறுத்தது | படம் கலங்கும் | துளை வேண்டும் |

## பிஐஆர்: வாசலில் இருக்கும் காவலாளி

எச்சி-எஸ்ஆர்501 என்ற வெள்ளைக் குமிழ் போர்டுதான் எங்கும் கிடைப்பது. ஏழு மீட்டர் வரை, நூறு பாகைக்கு மேல் அகலமாகப் பார்க்கும். சும்மா இருக்கும்போது மைக்ரோஆம்ப் கணக்கில்தான் மின்சாரம் இழுக்கும். பேட்டரியில் இரவு பகலாக ஓடும் குட்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்ப இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் கவனிப்பை அளக்க இது உதவாது. அது காண்பது வெப்பத்தின் அசைவை மட்டுமே. எதிரே அமர்ந்து குட்டியையே உற்றுப் பார்ப்பவர் அசையாமல் இருந்தால் அதன் கணக்கில் அவர் இல்லை. பாசமாகப் பார்ப்பவரிடம் ‘ஆளைக் காணோமே’ என்று அது அழும்.

போர்டில் இரண்டு திருகுகள் உண்டு. காலத் திருகைக் குறைந்தபட்சத்துக்கு வைத்தாலும் சிக்னல் சில வினாடி ‘ஆம்’ என்றே நிற்கும். அது இறங்கிய பிறகும் இரண்டு மூன்று வினாடிகள் சென்சார் எதையும் பார்க்காது. மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு நிமிடம் சூடேற விட வேண்டும், அதுவரை வரும் சிக்னலை நிரலில் ஒதுக்கிவிடுங்கள். ஆடும் தலையில் மாட்டினால் அறையே அசைவதாக அதற்குத் தோன்றும். உடலில் மாட்டினாலும், சர்வோ நின்று மூன்று வினாடி வரை அதன் பேச்சைக் கேட்காமல் இருப்பது நல்லது.

வைஃபை அல்லது புளூடூத் ஓடும் ஈஎஸ்பி போர்டை ஒட்டி வைத்தால் காரணமில்லாமல் ‘ஆள்’ என்று கூவும். பத்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். குமிழுக்கு முன்னால் அழகுக்காகக் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைத்தால் உடல் வெப்பக் கதிர் ஊடுருவாது, சென்சார் முழுக் குருடாகும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பிஐஆர் பார்ப்பது உடலுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். மே மாத மதியத்தில் அறைச் சுவரே தோலின் சூட்டுக்கு அருகில் வந்துவிடும்போது ஏழு மீட்டர் எங்கோ போய்விடும். டிசம்பரில் சோதித்துவிட்டுக் கோடை விடுமுறைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

## அல்ட்ராசோனிக்: கண் மாதிரியே இருக்கும் கண்

எச்சி-எஸ்ஆர்04-இன் இரண்டு வெள்ளி உருளைகளும் பார்க்கக் கண்கள் போலவே இருப்பதால், பாதிப் பேர் இதைத் தேர்ந்தெடுப்பதே முக அழகுக்காகத்தான். அதில் தப்பில்லை. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். மைக்ரோவினாடியை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். 2 முதல் 400 செ.மீ வரை என்று போட்டிருக்கும், ஆனால் ஆளைப் பொறுத்தவரை ஒன்றரை மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். பருத்தியும் கம்பளியும் ஒலியை விழுங்கும், சாய்வான தோள் அதை வேறு பக்கம் சிதறடிக்கும்.

நிரலில் மறைந்திருக்கும் பொறி ஒன்று: ஆர்டுயினோவின் பல்ஸ்-இன் கட்டளை எதிரொலி வராவிட்டால் ஒரு முழு வினாடி வரை காத்திருக்கும். அந்த ஒரு வினாடி காது, வால், சிணுங்கல் எல்லாம் உறைந்துபோகும். காத்திருக்கும் நேரத்தை 12,000 மைக்ரோவினாடியாக வெட்டுங்கள், இரண்டு மீட்டருக்கு அது போதும். அளவுகளுக்கு இடையில் 60 மில்லிவினாடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் பழைய எதிரொலி புதியதாக எண்ணப்படும். ஒரே அளவை நம்பாமல் கடைசி ஐந்தின் நடு மதிப்பை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தவறான அளவே எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

போர்டு 5 வோல்ட்டில் ஓடும், எக்கோ காலும் (எதிரொலிச் சிக்னல் வரும் இணைப்பு முனை) 5 வோல்ட் தரும். நானோவுக்கு அது சரி. ஈஎஸ்பி32-க்கு 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டையும் வைத்துக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இந்தச் சென்சாரை விட்டுவிடுங்கள். நமக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் அவற்றுக்குக் கேட்கும். வினாடிக்குப் பதினைந்து முறை டிக் டிக் என்று கூவும் பொம்மையை எந்தப் பூனையும் மன்னிக்காது.

## லேசர் தூரமானி: சிறியது, அமைதியானது

விஎல்53எல்0எக்ஸ் நகக்கண் அளவு போர்டு. கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பு. சாதாரண நிலையில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், நீள்தூர நிலையில் இரண்டு மீட்டர். ஓர் அளவுக்குச் சுமார் 33 மில்லிவினாடி. துணி ஒலியை விழுங்குமோ என்ற கவலை இல்லை, சத்தம் இல்லை, மூக்கில் ஒரு சிறு துளையில் ஒளித்துவிடலாம்.

குறைகள் சில்லறைதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாலைப் பொழுதைத் தின்னும். போர்டின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை உரிக்காமலே மாட்டிவிட்டுத் தவறான அளவுகளோடு மல்லுக்கட்டுவது முதலாவது. முன்னால் கண்ணாடி வைத்தால் அதிலிருந்தே ஒளி திரும்பி, எப்போதும் மூன்று நான்கு சென்டிமீட்டரில் ஆள் நிற்பதாகச் சொல்லும். ஜன்னல் வெயிலில் தூரம் சுருங்கும். இடது வலது அறிய இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் ஐ2சி முகவரி (ஒரே கம்பியில் போர்டு ஒவ்வொன்றையும் அழைக்கும் எண்) ஒன்றே. சென்சாரை அணைத்து எழுப்பும் எக்ஸ்ஷட் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக எழுப்பி முகவரி மாற்ற வேண்டும். அதைச் செய்தால் பலன் பெரிது: எந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரோ அந்தப் பக்கம் தலை திரும்பும். இந்த ஒரு அசைவு குட்டிக்கு உயிர் கொடுப்பதுபோல வேறெதுவும் கொடுக்காது.

## தொடு சென்சார்: ஏக்கம் தணியும் இடம்

வாங்குவது ஒன்றே ஒன்று என்றால் இதை வாங்குங்கள். கவனிப்பைப் பொய்யில்லாமல் அளப்பது இது மட்டும்தான். தற்செயலாக யாரும் ஒரு பொம்மையை ஐந்து வினாடி தடவிக்கொடுப்பதில்லை.

பழைய முன்னோடிகளும் இதையே சொல்கின்றன. 1998-இல் வந்த ஃபர்பி என்ற ரோமப் பொம்மையின் முதல் பதிப்புக்குக் கேமரா கிடையாது. முதுகிலும் வயிற்றிலும் அழுத்தினால் தெரியும் சுவிட்சுகள், நெற்றியில் ஒளி சென்சார், ஒரு மைக், கவிழ்த்தால் தெரியும் சுவிட்சு. கண், காது, வாய் எல்லாவற்றையும் ஒரே மோட்டார் ஆட்டியது. ஜப்பானில் தகனோரி ஷிபாதா உருவாக்கிய பாரோ என்ற சீல் குட்டி ரோபோ மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயன்படுவது. அதன் ரோமத்துக்கு அடியில் இருப்பதும் தொடு உணர்வுதான்.

எளிய வழி டிடிபி223 போர்டு. 2 முதல் 5.5 வோல்ட், மூன்று கம்பி, தொட்டால் ஆம், விட்டால் இல்லை. போர்டு சிறியது என்பதால் அதன் தகட்டில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, தோலுக்கு அடியில் தாமிரத் தாள் அல்லது மின்கடத்தும் துணியை விரித்துவிடலாம். பரப்பு பெரிதானால் தொடாமலே ‘தொட்டார்கள்’ என்று சொல்லத் தொடங்கும். போர்டில் காலியாக விட்டிருக்கும் கெப்பாசிட்டர் இடத்தில் 10 முதல் 30 பிக்கோஃபாரட் வைத்தால் கூச்சம் குறையும். அடர்ந்த ரோமத் துணி என்றால் எதிர்ப்பிரச்சினை: நடுவில் இருக்கும் காற்று உணர்வை விழுங்கிவிடும். ரோமத்தின் அடித்துணியோடு தகட்டை ஒட்டித் தையுங்கள், பஞ்சுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்குத் தனி போர்டே வேண்டாம், அதில் பத்துக் கால்கள் தொடுதலை நேரடியாக உணரும். பழைய ஈஎஸ்பி32-இல் தொட்டால் எண் குறையும், ஈஎஸ்பி32-எஸ்3 ரகத்தில் தொட்டால் எண் கூடும். நிரலை இரவல் வாங்கும்போது இதைப் பார்க்காதவர்களின் குட்டி, விட்டால் குழைந்து தொட்டால் அழும். தொடங்கும்போது இருபது அளவு எடுத்துச் சராசரியை அடிப்படையாக வையுங்கள். பழைய ரகத்தில் அதன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தொடுதல் என்று ஆரம்பித்து, பிறகு உங்கள் துணிக்கு ஏற்பத் திருத்துங்கள். ஈரப்பதத்தால் அடிப்படை மெல்ல நகரும், அதைத் தொடர்ந்து திருத்தத்தான் வேண்டும், ஆனால் தொடுதல் இல்லாத நேரத்தில் மட்டும். இல்லாவிட்டால் மடியில் வைத்திருக்கும் கையையே இயல்பு நிலை என்று கற்றுக்கொண்டு, மடியிலேயே அனாதையாகச் சிணுங்கும்.

முதுகில் நீளவாக்கில் ஒன்றுக்குப் பதில் குறுக்காக மூன்று பட்டைகள் வைத்தால் தடவலும் தட்டலும் பிரியும். முதல், இரண்டு, மூன்று என்ற வரிசையில் ஒரு வினாடிக்குள் வந்தால் தடவல். மூன்றும் ஒன்றாக வந்தால் பிடித்துத் தூக்கல். ஒன்று மட்டும் படபடவென்று வந்தால் சீண்டல். மூன்றுக்கும் மூன்று விதப் பதில் கொடுங்கள்.

மறைமுகச் செலவு சார்ஜரில் இருக்கிறது. மலிவான சார்ஜரில் மாட்டியிருக்கும்போது அதன் இரைச்சல் தொடுதலைக் கலைக்கும், பேட்டரியில் சரியாக நடந்தது சுவர் மின்சாரத்தில் பேய் பிடித்ததுபோல ஆடும். இறுதி அளவுகளை எந்த மின்சாரத்தில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே எடுங்கள். சர்வோ கம்பியைத் தொடு கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

## மைக்: கைதட்டலுக்கு மட்டும்

சர்வோவின் கரகரப்பு, மின்விசிறி, தொலைக்காட்சித் தொடர் என எல்லாமே மைக்குக்கு ‘ஆள்’தான். இதைவிட மோசம், குட்டி தன் சிணுங்கலைத் தானே கேட்டு மகிழ்ந்துகொள்ளும். பஸ்ஸர் ஒலிக்கும்போதும், அது நின்று 300 மில்லிவினாடி வரையும் மைக்கை மூடிவையுங்கள். எம்ஏஎக்ஸ்9814 போன்ற தானே ஒலியளவைச் சரிசெய்யும் போர்டுகள் கிசுகிசுப்பையும் கத்தலையும் ஒன்றாக்கிவிடும், இங்கே அது ஆகாது. தூங்கும் குட்டியைக் கைதட்டி எழுப்ப மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## கேமரா: ஒரே ஒரு நல்ல காரணம்

‘என் பக்கம் திரும்பியிருக்கிறாரா’ என்று தொடாமல் சொல்ல வல்லது கேமரா மட்டும்தான். நேர்முகத்தைத் தேடும் முகமறிதல், முகம் பக்கவாட்டில் திரும்பினால் தவறவிடும். மற்ற வேலைகளுக்குக் குறையாக இருக்கும் அந்தப் பலவீனம் இங்கே வரம். ஆள் முகம் திருப்பிய கணமே குட்டிக்குத் தெரிந்துவிடும்.

அதற்குத் தரும் விலை கூடுதல். ஈஎஸ்பி32-கேம் போர்டில் நிரல் ஏற்றத் தனி யுஎஸ்பி இணைப்பு வேண்டியிருக்கும், கேமராவும் நினைவட்டையும் போக மிஞ்சும் கால்கள் கொஞ்சமே, சர்வோவோடு மின்சாரத்தைப் பங்கு போட்டால் அடிக்கடி தானே மறுதொடக்கம் ஆகும். ராஸ்பெரி பை வைத்தால் முகமறிதல் சுகமாக ஓடும், ஆனால் எழுந்திருக்கவே நெடுநேரம் எடுக்கும். சுவிட்சைப் படக்கென்று அணைத்தால் நினைவட்டை கெட்டுப்போகலாம், குழந்தைகள் கையில் தரும் பொருளுக்கு இது பெரிய குறை.

சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படமும் முகமறிதலுக்கு முகம்தான். லட்சுமியோ நடிகரோ எதிரே சிரித்துக்கொண்டிருந்தால் குட்டிக்கு நாள் முழுக்க மனம் நிறைந்திருக்கும், உங்களைத் தேடவே தேடாது. இரண்டு நிமிடம் இம்மியும் நகராத முகத்தை நிரலில் தள்ளிவிடுங்கள். கேமரா வைத்த பொம்மையை விருந்தாளிகள் விரும்புவதில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும். வைஃபையை இயக்காமல் விடுவது குறைந்தபட்ச மரியாதை.

## எதை வாங்கினாலும் வரும் பொதுச் செலவு

‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பாதி, மின்சாரக் கோளாறு. எஸ்ஜி90 சர்வோ தடைபட்டால் ஒவ்வொன்றும் 600 மில்லிஆம்புக்கு மேல் இழுக்கும். இரண்டையும் நானோவின் 5 வோல்ட் காலில் மாட்டினால் யுஎஸ்பியின் 500 மில்லிஆம்ப் எந்த மூலைக்கு? வோல்டேஜ் சரியும், சென்சார் உளறும், போர்டு புதிதாகத் தொடங்கும், ஏக்க எண் பூஜ்ஜியத்துக்குப் போகும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் அல்லது நான்கு ரீசார்ஜ் பேட்டரி, கிரவுண்டை இணைத்து, குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 9 வோல்ட் செவ்வகப் பேட்டரி இதற்கு ஆகாது. பவர் பேங்க் வைத்தால், குட்டி தூங்கும்போது மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கிறது என்று பவர் பேங்க் தானே அணைந்துவிடும்.

அசைவு முடிந்ததும் சர்வோவைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் சும்மா இருக்கும்போதும் ஈ மாதிரி ரீங்கரிக்கும்.

## எந்த வீட்டுக்கு எது

முதல்முறை செய்கிறவர், பள்ளிக் கண்காட்சி: நானோ, எச்சி-எஸ்ஆர்04, முதுகில் ஒரு டிடிபி223. கண்ணும் தோலும் ஆயிற்று. ஒரு வார இறுதியில் முடியும்.

மேசைத் துணை, தினமும் ஓடுவது: ஈஎஸ்பி32, இரண்டு விஎல்53எல்0எக்ஸ், மூன்று தொடு பட்டைகள். எங்கள் தேர்வு இதுதான். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஓசையில்லை, தலை சரியான பக்கம் திரும்பும்.

பேட்டரியில் வாரக்கணக்கில்: மேலே உள்ளதோடு ஒரு பிஐஆர். அது எழுப்பட்டும், மற்றவை எழுந்தபின் பார்க்கட்டும்.

பொது இடம், அருங்காட்சியகக் கூண்டு: தொட முடியாது, கண்ணாடி நடுவில் இருக்கும். இங்கே மட்டும் கேமராவே வெல்லும்.

சின்னக் குழந்தைகள், முதியோர்: தொடுதலைத் தவிர எதுவும் வேண்டாம். அவர்கள் எப்படியும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

## எண்களை வைக்கும் முறை

சென்சார் இரண்டும் வேலை செய்ததும், ஏக்க எண்ணை 0 முதல் 100 வரை ஓட விடுங்கள். ஆறு வினாடிக்கு ஒன்று ஏறினால் பத்து நிமிடத்தில் உச்சம். 30-ஐத் தாண்டினால் அக்கம்பக்கம் பார்க்கட்டும். 60-ஐத் தாண்டி, 80 செ.மீக்குள் ஆளும் இருந்தால் கூப்பிடட்டும். தடவும் ஒவ்வொரு வினாடிக்கும் நான்கு குறையட்டும். அப்படியானால் 85-இல் இருக்கும் குட்டி 25-க்கு வரப் பதினைந்து வினாடி கொஞ்ச வேண்டும். அருகில் வருவது மட்டும் எண்ணைக் குறைக்கக் கூடாது, ஏறாமல் நிறுத்தினால் போதும்.

கூப்பிடத் தொடங்கியது 59-க்கு இறங்கியதும் நிற்கக் கூடாது. 25 வரை போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் விக்கல் எடுப்பதுபோல் கூப்பிட்டு நிறுத்தும். கூப்பாடுகளின் இடைவெளியை முப்பது சதவீதம் கூட்டியும் குறைத்தும் கலையுங்கள். கடிகாரம் மாதிரிச் சரியாகச் சிணுங்கினால் இரண்டே நாளில் காது பழகி மறந்துவிடும்.

மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வராவிட்டால் கால் மணி நேரம் ஊடல். தலை கவிழ்ந்து, திரும்பி உட்காரட்டும். ஊடலில் இருக்கும்போது முதல் தொடுதலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், ஐந்து வினாடி விடாமல் தடவினால் மட்டும் இறங்கி வரட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: 1990-களின் இறுதியில் எம்ஐடியில் சிந்தியா பிரேசீல் உருவாக்கிய கிஸ்மெட் என்ற ரோபோத் தலையின் சமூக வேட்கை, ஆளே இல்லாவிட்டாலும் வாடும், அளவுக்கு மீறி முகத்தில் வந்து விழுந்தாலும் விலகும். எண் பூஜ்ஜியத்தைத் தொட்ட பிறகும் தடவிக்கொண்டே இருந்தால் காதை உதறிக்கொள்ளும்படி செய்தால் அந்த விலகலை உங்கள் குட்டிக்கும் கொடுக்கலாம்.

இவை எல்லாம் ஆர்டுயினோவின் மில்லிஸ் கடிகாரத்தை (மில்லிவினாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும் கட்டளை) வைத்து ஓட வேண்டும். நிரலையே நிறுத்திவைக்கும் டிலே கட்டளை ஒன்று உள்ளே இருந்தாலும், வால் ஆடி முடியும்வரை தோலுக்கு உணர்வு இருக்காது.

கடைசியாக வெளிச்சத்தை உணரும் ஓர் எல்டிஆரும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும். விளக்கை அணைத்ததும் ஏக்க எண் ஏறுவது நிற்கட்டும். இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவரை 80 சென்டிமீட்டரில் பார்த்துவிட்டு, அது தெருவே கேட்கக் கூப்பிடும்.